என் வாசலில் இறங்கிய பெட்டி

எங்கள் பக்கத்தில் வாய்க்கால் தண்ணீருக்கு முறை வைப்பார்கள். இன்றைக்கு மேல்மடைக்காரன், நாளைக்குக் கீழ்மடைக்காரன் என்று மாற்றி மாற்றிப் பாய்ச்சிக்கொள்வது. எங்கள் தெருவில் படுத்த படுக்கையாகிவிட்ட ஆளுக்கும் அதே மாதிரி முறை உண்டு. வீட்டு ஆட்கள் வேலைக்குப் போய்விடும் பகல் நேரத்துக்கு, நாளுக்கு ஒரு வீடு. முறை வந்த வீட்டுக்காரர் போய்க் கஞ்சி கொடுக்க வேண்டும், புரட்டிப் படுக்க வைக்க வேண்டும், வேட்டி நனைந்திருந்தால் மாற்ற வேண்டும். எல்லாம் முடிந்த பிறகு சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும். அந்தச் சும்மா உட்காருவதுதான் பெரிய வேலை. வாழ்நாளெல்லாம் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்த எனக்கு, இந்த ஒன்றை மட்டும் வெளிநாட்டில் இருக்கும் என் மகனுக்குப் புரிய வைக்க முடியவில்லை.

கடைசியாக நாங்கள் முறை வைத்தது என் எதிர்வீட்டுக்காரனுக்கு. அவன் அப்பாவும் என் அப்பாவும் ஒரே பண்ணையில் ஆள்வேலை பார்த்தவர்கள். நான் படித்து வாத்தியாரானேன். அவன் படிப்பை விட்டுவிட்டு, எங்கள் அப்பாக்கள் நாற்றுப் பறித்த அதே நிலத்தைக் குத்தகைக்கு எடுத்து உழுதான். இரண்டு பேர் மனைவியும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். ஒரு தை மாதம் அறுவடை மெஷின் வயலில் இறங்கி நிற்கும்போது அவனுக்கு ஒரு பக்கம் கையும் காலும் விழுந்துவிட்டது. மகள் ஒருத்தி. பாபநாசத்தில் ஒரு தையல் கடைக்குக் காலையில் பஸ் ஏறிப் போனால் விளக்கு வைக்கிற நேரத்துக்குத்தான் வருவாள்.

"சாவுக்கு நான் பயப்படல வாத்தியாரே" என்பான். வாய் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டாலும் பேச்சு மட்டும் குறையவில்லை. "மத்தியானம் தெருவே காலியா கெடக்கறப்ப, பக்கத்துல ஒரு ஆள் இல்லாம தனியா கிளம்பிடுவேனோன்னுதான் பயமா இருக்கு. கூட யாராவது இருக்கணும்."

"இருப்பாங்க. அதுக்குத்தானே முறை."

"உன் முறை அன்னிக்கே போறேன், போ. மத்தவங்க கஞ்சியில உப்பு சரியா போட மாட்டேங்கறாங்க."

இப்படித்தான் பேசுவான். ஆனால் அந்தப் பயம் நிஜம். ஒரு நாள் நான் கொல்லைக்குப் போய்விட்டு வரச் சற்றுத் தாமதமானபோது, நல்ல கையால் கட்டில் சட்டத்தைத் தட்டித் தட்டி என்னைக் கூப்பிட்டிருக்கிறான். நான் உள்ளே வந்ததும் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டான். கண் கலங்கியிருந்தது. எனக்கும்தான்.

இந்த நிலையில் என் மகன் லீவில் வந்தான். வந்த இடத்தில் நான் கொல்லையில் பாசி வழுக்கி விழுந்ததைப் பார்த்துவிட்டான். அவ்வளவுதான். டவுனில் முதியோரை வீட்டிலேயே வைத்துக் கவனித்துக்கொள்கிற ஒரு நிறுவனம் இருந்தது. என்னை அதில் சேர்த்துவிட்டுத்தான் விமானம் ஏறினான். வாசல் கதவுக்கு நம்பர் பூட்டு வந்தது. சாத்தினால் தானே பூட்டிக்கொள்ளும், அங்கிருந்தே மகன் திறக்கலாம். கூடத்தில் ஒரு கேமரா. சாப்பாடு ஒரு பையில் வந்து கேட்டில் தொங்கும். கையில் ஒரு வாட்ச். நாடி, நடை, தூக்கம் எல்லாவற்றையும் அது பார்த்து டவுன் ஆபீசுக்குச் சொல்லும். அங்கே இருக்கிற பெண் வாட்ச் வழியாகவே பேசும். "ஐயா, ரொம்ப நேரமா உக்காந்திருக்கீங்க. எழுந்து நடங்கய்யா."

குறை சொல்ல ஒன்றும் இல்லை. அதுதான் எனக்கு எரிச்சல். மாத்திரை தவறவில்லை, சாப்பாடு தாமதமாகவில்லை, சர்க்கரை குறைந்தது. சாயங்காலம் நான் எழுந்திருப்பதற்குள் விளக்கு தானாக எரியும். வீடு எனக்காக எல்லாம் செய்தது. நான் இல்லாவிட்டாலும் அதே ஒழுங்கோடு செய்திருக்கும். சில சமயம் கூடத்தில் நின்று, இங்கே குடியிருப்பது யார், வந்து போகிறவன் யார் என்று யோசித்துக்கொண்டிருப்பேன்.

தெருவும் மாறியது. முன்பெல்லாம் வாசலைக் கடந்து போகிறவர்கள் "சாப்டாச்சா சார்?" என்று ஒரு குரல் கொடுப்பார்கள். பதிலுக்குக் கூட நிற்க மாட்டார்கள். இப்போது கேட்டில் பை தொங்கினால் சாப்பிடவில்லை, தொங்காவிட்டால் சாப்பிட்டாயிற்று. பிறகு கேட்பானேன்? யாரும் கேட்கவில்லை.

என் மகன் நல்லவன். நன்மை செய்யக் கிளம்பினால் பாதியில் நிற்க மாட்டான். எதிர்வீட்டிலும் ஒரு கேமரா மாட்டிக்கொடுத்தான். மகள் கடையிலிருந்தபடியே போனில் அப்பாவைப் பார்க்கலாம், பேசலாம். அவளும் கையெடுத்துக் கும்பிட்டாள். அதற்குப் பிறகு முறை நின்றுவிட்டது. யாரும் கூடிப் பேசி நிறுத்தவில்லை. "அதான் பாப்பா போன்ல பாத்துக்குதே" என்று ஒரு வீடு விட்டது, அடுத்த வீடு விட்டது. தெருவில் எல்லோருக்கும் வேலை இருந்தது. கடைசியில் தினமும் என் முறையாகவே ஆகிவிட்டது.

"அது என்னைப் பாக்குது, நான் அதைப் பாக்குறேன்" என்பான் அவன், மேலே இருந்த சின்னச் சிவப்புப் புள்ளியைக் காட்டி. "ரெண்டு பேருக்கும் பேசறதுக்கு ஒண்ணுமில்ல."

வாட்சில் எனக்கு ஓர் எல்லை போட்டிருந்தார்கள். என் வீடு, எதிர்வீடு, பிள்ளையார் கோயில் வரைக்கும். தாண்டினால் அந்தப் பெண் கூப்பிடும். அடுத்து, தூக்கத்திலிருந்து எழுந்து மகன் கூப்பிடுவான். இன்னொரு தடவை நான் எங்கேயாவது போய் விழுந்தால் கோயம்புத்தூர்ப் பக்கம் ஒரு முதியோர் இல்லத்தில் சேர்த்துவிடுவேன் என்று வேறு சொல்லியிருந்தான். மிரட்டலாகச் சொல்லவில்லை. பயந்துபோய்ச் சொன்னான்.

கல்லணை திறந்து எங்கள் வாய்க்காலுக்குத் தண்ணீர் வந்த காலையில், தெருவில் பாதிப்பேர் ஓடினார்கள். ஜன்னல் வழியாக அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே அவன் கிடந்தான். கஞ்சியை இரண்டு வாய்க்கு மேல் வேண்டாம் என்றுவிட்டான்.

"போய்ப் பாத்துட்டு வா."

"பாத்துட்டு வந்து சொல்லட்டுமா?"

"சொன்னா பத்தாது. வாளியில மோந்துகிட்டு வா. கைய நனைக்கணும் எனக்கு."

வாட்சைக் காட்டினேன். வாய்க்கால் எல்லைக்கு வெளியே. அவன் கோணல் வாயால் சிரித்தான்.

"கழட்டி எனக்குக் கட்டு. இந்த வீடு உனக்கு எல்லைக்குள்ளதானே? நாடி எவன் நாடியா இருந்தா என்ன, துடிச்சா சரி. அந்தப் பொண்ணு கூப்புட்டா நான் பேசாம இருந்துக்கறேன்."

விளையாட்டுப் பிள்ளைகள் மாதிரி செய்தோம். அவன் மெலிந்த மணிக்கட்டில் கடைசித் துளை வரை இழுத்துக் கட்டினேன். போனை என் வீட்டுக் கூடத்திலேயே வைத்துவிட்டு, கதவைச் சாத்தினேன். அது கிளிக் என்று பூட்டிக்கொண்டது. அவன் வீட்டு அடுக்களையிலிருந்து ஒரு தூக்குவாளியை எடுத்துக்கொண்டு கொல்லை வழியாக நடந்தேன்.

தண்ணீர் நான் நினைத்ததைவிட மெதுவாகத்தான் வந்தது. கரையில் நின்ற கூட்டம் பாலத்துப் பக்கம் போய்விட்டது; எங்கள் மடையில் நான் மட்டும் இருந்தேன். முதலில் தண்ணீர் வரவில்லை. எறும்புகள் வந்தன. பூரான், தேள், சின்னச் சின்னத் தவளைகள், எல்லாம் காய்ந்த தரையில் ஒரே திசையாக ஓடி வந்து கரை ஏறின. என் காலைச் சுற்றிக்கொண்டு போயின. பின்னாலேயே நுரையும் சருகும் பிளாஸ்டிக் பாட்டிலுமாகப் பழுப்புத் தண்ணீர் ஊர்ந்து வந்து, ஒவ்வொரு வெடிப்பிலும் இறங்கி நின்று, குமிழி விட்டு, பிறகு நகர்ந்தது. ஒவ்வொரு வெடிப்புக்குள்ளிருந்தும் யாரோ மூச்சு விடுகிற மாதிரி ஒரு சத்தம். எத்தனையோ வருஷம் பார்த்த தண்ணீர்தான். அன்றைக்கு அந்தச் சத்தம் எனக்குப் பிடிக்கவில்லை. தெளியட்டும் என்று வெகுநேரம் காத்திருந்து, வாளி நிறைய மொண்டுகொண்டு திரும்பினேன்.

பாதி வழியில், சாவு வீட்டில் தட்டுகிற சேகண்டிச் சத்தம் கேட்டது. அடுத்து சங்கு. எங்கள் தெருவிலிருந்து.

அவன்தான் என்று நினைத்துவிட்டேன். வேறு யாரைப் பற்றியும் எண்ணம் ஓடவில்லை. தண்ணீர் தளும்பி வேட்டியில் கொட்ட, வரப்பில் என்னால் முடிந்த மட்டும் வேகமாக நடந்தேன். பிள்ளையார் கோயில் நடை உச்சி வேளைக்கு முன்பே சாத்தியிருந்தது. எந்த வீட்டிலும் குக்கர் சத்தம் இல்லை, டிவி இல்லை. பிணம் எடுக்கும் வரை எங்கள் தெருவில் அடுப்பு மூட்ட மாட்டார்கள். கொல்லைப் பக்கமாகவே வந்தேன். பக்கத்து வீட்டுக்காரரின் மனைவி குழாயடியில் குனிந்திருந்தவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். குடத்தை அப்படியே போட்டுவிட்டு உள்ளே ஓடிக் கதவைத் தாழ் போட்டாள். சேறும் சகதியுமாக இருக்கிறேன், அதற்காக இப்படியா என்று எனக்குக் கோபம்தான் வந்தது.

அழுகைச் சத்தம் அவன் வீட்டிலிருந்து வரவில்லை. அப்பாடா என்றிருந்தது. யாரோ செத்துக் கிடக்க, நான் நிம்மதியாக மூச்சு விட்டேன். உள்ளே போனேன்.

அவன் கண்ணைத் திறந்துதான் இருந்தான். என்னைத் தலை முதல் கால் வரை பார்த்தான். ஈர வேட்டி, சேற்றுக் கால், கையில் வாளி. அவன் முகத்தில் பயம் துளியும் இல்லை. வெகுநாள் கழித்து ஊரிலிருந்து வந்தவனைப் பார்க்கிற மாதிரி முகம் மலர்ந்தது.

"வந்துட்டியா" என்றான். குரல் நூலாக வந்தது. "சேகண்டி கேட்டுச்சு. ஒனக்குத்தான் அழுவுறாங்க. நல்லாத்தான் அழுவுறாங்க."

"எனக்கா? என்னடா உளர்ற?"

"நீ போயிட்டேன்னு ஜன்னலுக்கு வெளியில நின்னு போன்ல பேசுனாங்க. பெட்டிகூட வந்துருச்சாமே."

ஜன்னல் கதவின் இடுக்கில் பார்த்தேன். எதிரே என் வீடு. வாசலில் ஷாமியானா பாதி ஏறியிருந்தது. சிவப்பு நாற்காலிகள். கேட்டில் என் மத்தியானச் சாப்பாட்டுப் பை தொங்கிக்கொண்டிருந்தது. அதற்கு நேர் கீழே பிணம் வைக்கிற ஐஸ் பெட்டி ஒன்று, கண்ணாடி மூடி வெயிலில் பளபளக்க, அடுத்த வீட்டிலிருந்து ஒயர் இழுத்து ஓடிக்கொண்டிருந்தது. உள்ளே யாரும் இல்லை. என்னிடம் படித்தவன் ஒருவன் என் கதவில் நெற்றியை முட்டிக்கொண்டு "சார், சார்" என்று அழுதுகொண்டிருந்தான்.

எப்படி நடந்தது என்று பிறகு சொன்னார்கள். வாட்சில் நாடி இறங்கி இறங்கி, ஆபீசுக்குத் தட்டுப்படாமலே போயிருக்கிறது. கூப்பிட்டால் பதில் இல்லை. போன் பூட்டிய வீட்டுக்குள் அடிக்கிறது. கேமராவில் கூடம் காலி. எல்லைக்குள் இருக்கிறேன் என்று மட்டும்தான் வாட்ச் சொல்லும், எந்த வீடு என்று சொல்லாது. குளியலறையில் விழுந்து எல்லாம் முடிந்துவிட்டது என்று தீர்மானித்துவிட்டார்கள். தெருக்காரர்கள் கதவை உடைக்கப் போனபோது, உடைக்காதீங்க, சார் மகன் போனை எடுத்ததும் அங்கிருந்தே திறந்துடுவாரு என்று ஆபீசிலிருந்து போனில் தடுத்திருக்கிறார்கள். மகன் நல்ல தூக்கத்தில். டவுனிலிருந்து டாக்டரை அனுப்பும்போதே, இரண்டு டிரிப் எதற்கு என்று அதே வண்டியில் பெட்டியையும் ஏற்றி அனுப்பிவிட்டார்கள். பெட்டி வாசலில் இறங்கியதும் தெருவுக்குச் சந்தேகம் போய்விட்டது. பெட்டி வந்த பிறகும் ஆள் உயிரோடு இருப்பான் என்று யார் நினைப்பார்கள்?

ஆனால் அந்த நேரத்தில் எனக்கு இதெல்லாம் தெரியாது. வெளியே ஓடி, அடேய் நான் இருக்கேன்டா என்று கத்த வேண்டும் போலிருந்தது. ஓர் அடி வைத்தேன். அவன் நல்ல கை என் வேட்டியைப் பிடித்துக்கொண்டது.

"அந்தப் பொண்ணு ரொம்ப நேரமா ஐயா ஐயான்னு கூப்புட்டுச்சு. நான் வாயே தொறக்கல" என்றான். அவன் கையில் வாட்ச் சிவப்பாக மின்னிக்கொண்டிருந்தது. கையைத் தொட்டேன். வாய்க்கால் தண்ணீர் அதைவிடச் சூடாக இருந்திருக்கும். மூச்சு தொண்டைக்குழிக்கு ஏறிவிட்டிருந்தது. எங்கள் பக்கத்தில் அதைப் பார்த்துப் பழகிய எவனுக்கும் சொல்லித் தர வேண்டியதில்லை.

வெளியே போய்க் கத்தினால் தெருவே ஒரு கூச்சலாகும், என்னைத் தொட்டுப் பார்க்கக் கூட்டம் சூழும், நான் அவனிடம் திரும்பி வருவதற்குள் அவன் தனியாகப் போய்விடுவான். உட்கார்ந்துவிட்டேன்.

"என்னை அழைச்சிட்டுப் போவத்தானே வந்தே?"

நான் சாகவில்லை என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் அவன் முகத்திலிருந்த அந்த வெளிச்சம் போய்விடும். பழையபடி மத்தியானம், காலித் தெரு, தனி ஆள்.

"ஆமா" என்றேன். "வா, போவோம். நான் கூடவே வர்றேன்."

"அதான் பாத்தேன்" என்றான் நிம்மதியாக. "தண்ணி வந்துருச்சா?"

அவன் கையை எடுத்து வாளிக்குள் விட்டேன். விரல்கள் தண்ணீரில் ஒரு தரம் அசைந்தன. என் விரலை நனைத்து அவன் உதட்டில் தடவினேன். எதிரே பெண்கள் மாரடித்துக்கொண்டு என்னைச் சொல்லிச் சொல்லி அழுதார்கள். அந்த அழுகையைக் கேட்டுக்கொண்டே என் சிநேகிதன் போய்ச் சேர்ந்தான். நான் கையை விடவில்லை.

எவ்வளவு நேரம் அப்படி உட்கார்ந்திருந்தேனோ தெரியாது. தலைக்கு மேலே கரகரவென்று சத்தம் வந்தது. கேமராவிலிருந்து அவன் மகளின் குரல். பின்னால் பஸ் ஓடுகிற இரைச்சல். என் சாவுக்குத்தான் கடையில் சொல்லிவிட்டு வந்துகொண்டிருந்தாள். அப்பா இதைத் தாங்குவாரா என்று போனைத் திறந்திருக்கிறாள்.

"அப்பா... அப்பா... பக்கத்துல யாரு?" போனை முகத்துக்குக் கிட்டே கொண்டுபோயிருப்பாள்; குரல் பெரிதாகக் கேட்டது. "பெரியப்பா?"

நிமிர்ந்து அந்தச் சிவப்புப் புள்ளியைப் பார்த்தேன். "நான்தாம்மா" என்றேன்.

அவள் போட்ட அலறலில் பஸ் நின்றுவிட்டதாகப் பிறகு சொன்னார்கள்.

அதற்குப் பிறகு தெரு இந்தப் பக்கம் திரும்பியது. வந்தவர்கள் நிலைப்படியிலேயே நின்றார்கள். கதவில் முட்டிக்கொண்டு அழுத என் பழைய மாணவன்தான் முதலில் உள்ளே வந்து என் தோளை ஒரு விரலால் தொட்டான். சூடாக இருக்கிறேனா என்று பார்த்தான். பிறகு என்னைக் கட்டிக்கொண்டு அழுதான். டாக்டர் என் சிநேகிதன் கையைப் பிடித்துப் பார்த்துவிட்டு, வாட்சைக் கழற்றி என்னிடம் நீட்டினார். என் உள்ளங்கைச் சூடு பட்டதும் அது உயிர் பெற்றுப் பச்சையாக மின்னியது. "ஐயா! ஐயா, பேசுங்கய்யா!" என்று அந்தப் பெண் அழுகிற குரலில் கத்தினாள். பாவம், அவளும் ஒரு பிள்ளைதானே.

நாலு பேர் பெட்டியைத் தூக்கித் தெருவைக் குறுக்கே கடந்தார்கள். எனக்காகப் போட்ட நாற்காலிகளை அப்படியே திருப்பிப் போட்டார்கள். பெண்கள் எழுந்து இந்த வாசலுக்கு வந்து உட்கார்ந்து, விட்ட இடத்திலிருந்து அழுதார்கள்.

மகன் போனில் குழந்தை மாதிரி தேம்பினான். தேம்பல் அடங்கிய பிறகு சொன்னான்: "ஆனா வாட்ச் தப்பா எதுவும் சொல்லலப்பா. ரீடிங் எல்லாம் கரெக்டு."

எனக்குக் கோபம் வரவில்லை. அது சரியாகத்தான் சொன்னது. தெருவும் ஒருவர் பாக்கியில்லாமல் ஓடி வந்தது. என் சிநேகிதன் ஜன்னலுக்கு வெளியே, அவனுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றது.

இப்போது தெருவில் மறுபடி முறை வைத்திருக்கிறார்கள். எனக்குத்தான். பகலில் யாராவது ஒருவர் வந்து சும்மா உட்கார்ந்துவிட்டுப் போகிறார்கள். வாட்சும் கையில் இருக்கிறது, மகனுக்காக. குழாயடியில் என்னைப் பார்த்தவள் மட்டும் அவள் வீட்டு முறைக்குத் தன் மருமகளை அனுப்புகிறாள். நான் கொல்லை வழியாக வந்தால் இன்னமும் கதவைச் சாத்திக்கொள்கிறாள். நானும் முடிந்தவரை அந்த வழியாகப் போவதில்லை.

அவன் நல்லபடியாகப் போனான், கூட நீங்கள் இருந்தீர்கள் என்று எல்லோரும் சொல்கிறார்கள். அவன் மகளும் சொல்கிறாள். நானும் தலையாட்டுகிறேன். ஆனால் முறைக்காரர் எழுந்து போன பிறகு, வெயில் மட்டும் நிற்கிற அந்த மத்தியானத் தெருவில் எதிர்வீட்டு ஜன்னலைப் பார்த்தால் எனக்குப் பயமாக இருக்கிறது. நான் அவனிடம் கூடவே வருகிறேன் என்று சொன்னேன். அவன் அதை நம்பித்தான் கிளம்பினான். கொஞ்ச தூரம் போனதும், பேச்சுக் கொடுக்கலாம் என்று பக்கத்தில் திரும்பிப் பார்த்திருப்பான்.